புளியரை மலை ரோட்டில் ஸ்டெப்னியிலும் காத்து இல்லை

போன ஆடியில் நடந்தது. தங்கைக்குப் புனலூரில் குழந்தை பிறந்திருந்தது. 1956 நவம்பர் 1 வரை எங்கள் செங்கோட்டை கேரளப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. அதனால் மலைக்கு அந்தப் பக்கம் சொந்தம் இல்லாத வீடு எங்கள் தெருவில் குறைவு. அம்மா, மனைவி, நாலு வயது மகள், நான் என நாலு பேரும் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். நல்ல சாரல்.

புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது ஸ்டியரிங் இடப்பக்கமாக இழுத்தது. ரோடு மோசம் என்று நினைத்துவிட்டேன். "ஏங்க, என் பக்கம் டப டபன்னு சத்தம் வருது" என்று மனைவி சொன்ன பிறகுதான் புரிந்தது. முன்னால் இடது டயர். பின்னால் வரிசையாக லாரிகள். வளைவிலேயே நிறுத்தியிருந்தால் மேலே ஏறி வருகிறவருக்கு எங்களைத் தெரியாது. டயர் போனால் போகட்டும் என்று இண்டிகேட்டரைப் போட்டு, நடக்கிற வேகத்தில் ஓட்டி, கொஞ்சம் அகலமான இடத்தில் ஓரம் கட்டினேன். இன்றைக்கும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

அம்மாவையும் மகளையும் இறக்கி மலையோரமாகத் தள்ளி நிற்க வைத்தேன். ஹாண்ட்பிரேக், முதல் கியர், பின் சக்கரங்களுக்கு அடியில் ஆளுக்கொரு கல். டிக்கியிலிருந்த சாமானை எல்லாம் இறக்கினோம். பிள்ளைப்பேறு லேகியம் இருந்த தூக்குவாளியை மட்டும் அம்மா கையைவிட்டு இறக்கவே இல்லை.

ஜாக்கி போடுவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம்தான் சுற்றும். ஆனால் போன தடவை டயர் மாற்றிய கடையில் காத்து கன் வைத்து முறுக்கிவிட்டிருந்தார்கள், கையால் அசைக்கவே முடியவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி மிதித்துத்தான் நாலு நட்டும் விட்டது. ஈர மண்ணில் ஜாக்கி புதைய, அடியில் ஒரு தட்டைக் கல்லைக் கொடுத்தேன். ஸ்டெப்னியை மாட்டி ஜாக்கியை இறக்கினேன். வண்டி இறங்க இறங்க அந்த டயரும் தோசை மாதிரி படிந்துவிட்டது. வண்டி வாங்கியதிலிருந்து ஒரு தடவைகூட அதற்குக் காத்து பார்த்ததில்லை. மகள் சாரலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அடிக்கலாம் என்றால் போனில் சிக்னல் இல்லை.

அப்போதுதான் ஒரு வைக்கோல் லாரி எங்களைத் தாண்டிப் போய் நின்றது. "என்ன தம்பி, ஸ்டெப்னியும் படுத்துட்டா?" என்றபடி டிரைவர் இறங்கி வந்தார். "ஆமா அண்ணாச்சி" என்றேன். சீட்டுக்கு அடியிலிருந்து சுருட்டி வைத்திருந்த ஒரு கறுப்பு ரப்பர் குழாயை எடுத்தார். லாரி பிரேக் காத்தில்தானே வேலை செய்கிறது, அந்த டேங்கில் ஒரு முனையை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, மறுமுனையை என் டயர் வால்வில் அழுத்திப் பிடித்தார். உஸ்ஸென்ற சத்தத்தோடு வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. அளக்க மீட்டர் இல்லை. ஸ்பேனரால் டயரை ஒரு தட்டு தட்டிக் காது கொடுத்தார். இன்னும் கொஞ்சம் அடித்து மறுபடி தட்டினார். "போதும். ஆரியங்காவுல நிறுத்தி நட்டை இன்னொரு தடவை முறுக்கிடு, புதுசா மாட்டுன சக்கரம் இளகும்" என்றார். காசை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லையே என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

ஆரியங்காவு பஞ்சர் கடையில் அளந்தால் 28 காட்டியது. என் வண்டிக்கு 33. காதால் கேட்டே அவ்வளவு கிட்டத்தில் நிறுத்தியிருக்கிறார்! அங்கேயே நட்டை முறுக்கினோம், அதில் ஒரு நட்டு அரைச் சுற்று போனது. பழைய டயரைக் கழற்றிய சேட்டன் உள்ளே கைவிட்டு ஒரு பிடி கறுப்புத் தூளை எடுத்துக் காட்டினார். ஒன்றரை அங்குல ஆணி ஒன்று ஏறி, காத்து கம்மியாகவே வெகுநேரம் ஓடி, பக்கச் சுவர் உள்ளுக்குள் அரைபட்டிருக்கிறது. ஆணி ஓட்டையை அடைத்துவிடலாம், பக்கச் சுவர் போனால் ஒட்டி நம்ப முடியாது என்று தமிழிலேயே சொன்னார். புனலூரில் புது டயர் போட்டேன்.

இப்போது பங்கில் காத்து பார்க்கும்போது டிக்கியைத் திறந்து ஐந்தாவதையும் பார்க்கச் சொல்கிறேன். சாமானை இறக்க வேண்டியிருக்கிறது, பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.