காலமுரணா, காலவழுவா?

ஒரு காலத்தில் நடக்கும் கதையில் அக்காலத்துக்குப் பொருந்தாத பொருள் தலைகாட்டுவதை ஆங்கிலத்தில் 'அனக்ரோனிசம்' என்பார்கள். அதற்குக் 'காலமுரண்' ஏற்கெனவே புழங்குகிறது. ஆனால் முரண் என்றால் தெரிந்தே வைத்ததாகவும் இருக்கலாம். 1925-இல் நடக்கும் கதையில் கதவுக் கீலில் கூட்டல்குறித் தலைத் திருகாணி தெரிந்தால் அது முரணா? பச்சைப் பிழை. அந்தத் தலை கொண்ட பிலிப்ஸ் திருகாணிக்குக் காப்புரிமை கிடைத்ததே 1936-இல்தான். எனவே 'காலவழு' என்று முன்மொழிகிறேன்.

> இலக்கண நூலான நன்னூல் சொல்லும் ஏழு வழுக்களில் (பிழைகளில்) காலமும் ஒன்று. 'நாளை வந்தான்' என்பதுதான் கால வழு. ஒரே சொல்லுக்கு இரண்டு வேலையா?

அங்கே வினையின் காலம், இங்கே பொருளின் காலம். இடம் பார்த்தாலே புரிந்துவிடும். தவிர, வழுவை எடுத்தால் வழுவமைதியும் (காரணம் கருதி ஏற்கப்படும் வழு) இலவசமாக வருகிறது! இயக்குநர் வேண்டுமென்றே பழைய கதையில் புதுப்பொருளை வைத்தால் அது 'காலவழுவமைதி'. முரணை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது.

> ஏற்கிறேன். ஆனால் பொருள் தன் காலத்துக்கு முன்பே வந்தால் 'முந்துவழு', காலம் கடந்தும் வந்தால் 'பிந்துவழு' என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

முந்துவழு சரி. 1970-இல் நடக்கும் காட்சியில் குளிர்பானக் கேனைத் திறக்கிறார்கள். இழுத்த நாக்கு மூடியிலேயே ஒட்டி நிற்கிறது. அந்த வகை வந்தது 1975-இல். அதற்கு முந்தைய வளையம் கையோடு பிய்ந்து வந்துவிடும். இதில் வாதத்துக்கு இடமில்லை.

பிந்துவழு அப்படியில்லை. 2015 அலுவலகத்தில் சுழல்தட்டுத் தொலைபேசி இருந்தால் என்ன பிழை? பழைய பொருள் கிடக்கத்தான் செய்யும். அதைப் 'பிந்துபொருள்' என்றால் போதும், வழுப்பட்டம் வேண்டாம்.

> முந்துவழுவிலும் ஓர் எச்சரிக்கை. கடையில் பட்டைக்குறியை (பார்கோடு) முதன்முதலில் வருடியது 1974 ஜூன் 26. அதற்காக 1976-இல் மூலைக்கடைப் பொட்டலம் எல்லாவற்றிலும் பட்டைக்குறி இருந்தால் நம்பலாமா? கண்டுபிடித்த ஆண்டு வேறு, பரவிய ஆண்டு வேறு.

அப்படியானால் அது 'பரவல் ஐயம்'. வரையறையில் சேர்க்கிறேன்.

> விளக்கையும் எடுத்துக்காட்டாகச் சேருங்கள். 1985 இரவுத்தெரு, வெள்ளை எல்இடி அப்போது கிடையாது. இன்றைய எல்இடி தெருவில் படமெடுத்துவிட்டு, பிறகு நிறத்திருத்தத்தில் ஒளியை மஞ்சளாக்கிவிடுவார்கள். ஆனால் மஞ்சள் ஒளி மட்டுமே தரும் தாழழுத்தச் சோடியம் தெருவிளக்கின் கீழ் சிவப்புச் சட்டையும் நீலச் சட்டையும் ஒரே சாம்பலாகத்தான் தெரியும். படத்தில் சிவப்பு சிவப்பாகவே நின்றால் விளக்கு வேறு. கார் மூடியில் விழும் பிரதிபலிப்பையும் நிறுத்திப் பாருங்கள்: ஒரே ஒளித்திட்டாக இல்லாமல் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் எல்இடி.

சேர்த்தாயிற்று. 'பிந்துபொருள்' ஒட்டுமா என்று மட்டும் மற்றவர்கள் சொல்லுங்கள். 'எஞ்சுபொருள்' இன்னும் பொருந்துமோ என்று இப்போது தோன்றுகிறது.