ஆவணி பிறந்ததும் தூங்க ஆரம்பித்த பையன்

பயிற்சி டீச்சர், திண்டுக்கல் மாவட்டம்:

டி.எல்.எட் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்கு நிலக்கோட்டைப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் போட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும், வழி முழுக்க மல்லித் தோட்டம். நான் போய்ச் சேர்ந்தது ஆடி முதல் வாரம்.

எங்களுக்கு ரெக்கார்டு நோட்டு உண்டு. அதில் 'தனியாள் ஆய்வு' என்று ஒரு பகுதி. வகுப்பில் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து அதன் பின்புலம், பிரச்சினை, நாம் எடுத்த முயற்சி, முன்னேற்றம் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால், சீனியர் நோட்டை வாங்கிப் பெயரையும் ஊரையும் மாற்றி எழுதுகிறவர்கள்தான் அதிகம். நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்று வீம்பாகப் போனேன். 'கற்கும் குழந்தை' பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய வீம்பு அது.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். எண்ணும் எழுத்தும் வகுப்பு என்பதால் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஒரே அறையில், மொத்தம் 26 பேர். ஆடி முழுக்க அந்த அறையின் சத்தத்தில் பாதி அவனுடையது. மொட்டு என்கிற நடு நிலையில் இருந்துகொண்டே, அதற்கு மேலான மலர் நிலைப் பிள்ளைகளின் பக்கத்தை எட்டிப் பார்த்து வாசித்துவிடுவான். ஆவணி பிறந்தது. பதினொரு மணியானால் தலை தொங்க ஆரம்பித்தது. இரண்டு நாள் நன்றாக இருப்பான், மூன்றாம் நாள் சுவரில் சாய்ந்து தூங்குவான். தேதி போட்டுக் குறித்துக்கொண்டே வந்தேன். "கவனக்குறைவு, சோர்வு. காரணம்: வீட்டுச் சூழல் (?)" என்று எழுதினேன். அந்தக் கேள்விக்குறியைப் போடும்போது பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி ஒரு நினைப்பு வேறு.

ஒரு புதன்கிழமை. காலை உணவில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவன் பத்தரைக்கே சாய்ந்துவிட்டான். தட்டி எழுப்பி நிற்க வைத்து, "ராத்திரி பூரா என்னடா பண்ணுன? டிவி பாத்தியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தன் "தூங்குமூஞ்சி" என்றான். நான் அதட்டவில்லை. சேர்ந்து சிரித்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். கையை ஏன் மறைக்கிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை.

வெள்ளி சாயந்திரம் பெரிய டீச்சர் கூப்பிட்டார் (தலைமையாசிரியரைப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது). அவர் மேஜைக்குப் பின்னால் தினசரி காலண்டர் தொங்கும். "உன் நோட்டைக் கொண்டு வாம்மா" என்றார். தாளைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். "இந்தா, ஞாயித்துக்கிழமை முகூர்த்தம். நேத்து ஒரு முகூர்த்தம். நீ அவனை எந்திரிக்க வச்சது முந்தாநாளு. நீ குறிச்ச தேதியையெல்லாம் இதோட வச்சுப் பாரு."

பார்த்தேன். அவன் தூங்கிய ஒவ்வொரு நாளும் ஒரு முகூர்த்தத்துக்கு முதல் நாள். ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் தூக்கமும் இல்லை.

மல்லியை மொட்டு விரிவதற்குள் பறிக்க வேண்டும். விடிகாலை மூன்றரைக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்கள். விடிந்ததும் பூ மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் விலை ஏறும், ஒரு மொட்டைக்கூடச் செடியில் விடமாட்டார்கள். பறிப்பவர்களுக்கு எடைக்குத்தான் கூலி. மல்லி மொட்டு என்ன எடை இருக்கும்? ஒரு கிலோ சேர்க்க எத்தனை ஆயிரம் முறை விரல் போய் வர வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பையனின் அம்மா பூப்பறிக்கப் போகிறவர். இவனும் கூடப் போவான். பனியில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கி, நகக்கண்ணில் பச்சைக் கறை ஏறியிருக்கும். அவன் மறைத்தது அதைத்தான்.

"உங்களுக்குத் தெரியும்னா முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றேன். கொஞ்சம் அழுகையும் வந்தது. "நீ எங்கிட்ட கேக்கலையே. அவன்கிட்ட கேட்ட. அதுவும் இருபத்தஞ்சு பிள்ளைக முன்னாடி" என்றார். திட்டவில்லை. ரிஜிஸ்டரைப் பூட்டிக்கொண்டே சொன்னார்.

திங்கள்கிழமை வந்தான், பெரிய டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்ததால். காலை வழிபாடு முடிந்ததும் வேப்பமரத்தடியில் அவன் உயரத்துக்குக் குத்தவைத்து, "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிக் கேட்டது என் தப்பு. மன்னிச்சுக்கடா" என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த இன்னும் நாலு வரி மிச்சம் இருந்தது. அவன், "சரி டீச்சர். அட்டைப் பெட்டிய நான் எடுத்துட்டு வரவா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டான். அதிலிருந்து முகூர்த்தத்துக்கு முதல் நாள் அவனைக் கொஞ்ச நேரம் தூங்க விடுகிறேன்.

பயிற்சிக் காலத்தில் உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? தப்பாகச் செய்ததைச் சொன்னாலும் சரி, அதுதான் எனக்கு இப்போது அதிகம் வேண்டும்.

காலை உணவு சமைக்கும் அக்கா:

நான் டீச்சர் இல்லை. 2023 ஆகஸ்டில் எங்கள் ஊருக்குக் காலை உணவுத் திட்டம் வந்ததிலிருந்து எங்கள் மகளிர் குழுவில் சமைக்கிறேன். எழுதலாமா என்று தெரியவில்லை, தோன்றியதைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் எந்தப் பிள்ளை இரண்டாம் தடவை தட்டை நீட்டுகிறது என்று கவனியுங்கள். முன்பெல்லாம் திங்கள் உப்புமாதான், உப்புமாவை யாரும் ஆசைப்பட்டு இரண்டு தடவை கேட்க மாட்டார்கள். சனி ஞாயிறு பள்ளிக்கூடம் கிடையாது, காலைச் சாப்பாடும் இல்லை, மதியச் சத்துணவும் இல்லை. வெள்ளி மதியத்துக்கு அப்புறம் வயிறார எப்போது சாப்பிட்டது என்று அந்தத் தட்டு சொல்லிவிடும். போன வருஷம் அப்படி மூன்று பிள்ளைகள். கேட்காமலே முதல் தடவையே கூட ஒரு கரண்டி வைத்துவிடுவேன். கேட்க வைத்தால் பக்கத்தில் இருக்கிறது பார்க்கும், அப்புறம் கேட்காது.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எட்டேகால் மணிக்கு வந்தால் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் பக்கத்தில் நில்லுங்கள். போட்டோ எடுக்க வேண்டாம், சும்மா நில்லுங்கள்.

முன்னாள் மாணவன், மதுரை:

டீச்சர் மன்னிப்புக் கேட்டதெல்லாம் சரி. ஏழு வயசுப் பையன் விடிகாலை மூன்றரைக்குப் பூப்பறிக்கிறான், அதைத் தெரிந்துகொண்டு தூங்க விட்டால் முடிந்ததா? இதற்கு வேறு பெயர் இருக்கிறது.

பயிற்சி டீச்சர், திண்டுக்கல் மாவட்டம்:

நீங்கள் கேட்டதைத்தான் நானும் பெரிய டீச்சரிடம் கேட்டேன். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குள் இருப்பவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். இது அடுத்தவர் தோட்டம், அந்த விலக்கில் வராது.

ஆனால் வீட்டுக்குப் போய்ப் பேசியபோது தெரிந்தது வேறு. அந்த அம்மா பையனைக் கூலிக்காகக் கூட்டிப் போகவில்லை. போன வருஷம் வரை பாட்டி இருந்தார். அவர் இறந்த பிறகு, ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தையைத் தனியாக வீட்டில் விட்டுப் பூட்டிக்கொண்டு போகப் பயம். தோட்டத்து மேட்டில் சாக்கை விரித்துப் படுக்க வைப்பார். அவன் படுக்காமல் எழுந்து வந்து அம்மா கூடப் பறிப்பான். "படுடான்னா கேக்க மாட்டான் டீச்சர், அவன் பறிக்கிறதும் கால் கிலோ வந்துருது" என்றார். அந்த இரண்டாவது பாதியை மெதுவாகச் சொன்னார்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெரிய டீச்சர் பெயர் சொல்லாமல் பேச்சை எடுத்தார். பெயர் சொல்லாவிட்டால் என்ன, எல்லோருக்கும் தெரியும். மூன்று வீடு தள்ளி இருக்கும் ஒருவர், தன் மகனோடு இவனும் படுத்துக்கொள்ளட்டும் என்றார். அதில் பாதி நாள் நடக்கிறது, பாதி நாள் நடப்பதில்லை. முழுசாகச் சரியாகிவிட்டது என்று இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

19 வருட ஆசிரியை:

தங்கச்சி, நீ சிரித்ததை எழுதினாயே, அதற்காகவே பதில் எழுதுகிறேன். பிரம்பைத் தொடாவிட்டால் நாம் நல்ல டீச்சர் என்று நினைத்துக்கொள்கிறோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு, உடல் தண்டனையோடு சேர்த்து மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதையும் வகுப்பு சேர்ந்து சிரிப்பதையும் நாம் அந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

நான் செய்த தப்பு உன்னுடையதைவிடப் பெரியது. வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்த நேரம். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மதிய இடைவேளையில் வந்து, "ஒண்ணு சொல்லுவேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்" என்றது. பாசத்தில் அதன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டேன். வீட்டுக்கு வந்து போகும் ஒருவரைப் பற்றி அது சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. கேட்ட பிறகு அதைச் சொல்லாமல் இருக்கவே முடியாது. அப்போது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. 2012 சட்டம் அது. தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் அதுவே குற்றம். நான் தலைமையாசிரியர் அறையில் நின்று சொல்லிக்கொண்டிருந்ததை அந்தப் பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டது.

புகார் போனது, பிள்ளை பத்திரமாக இருந்தது, எல்லாம் சரி. ஐந்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. போலீஸ் யாரும் யூனிபார்மில் வரவில்லை, பெண் அதிகாரி சாதாரண உடையில் வீட்டுக்கே வந்துதான் பேசினார், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவர்கள் மீது அதற்குக் கோபம் இல்லை. கோபம் என் சத்தியத்தின் மேல்.

இப்போது எந்தப் பிள்ளை அப்படிக் கேட்டாலும் சத்தியம் பண்ண மாட்டேன். "நீ சொல்றதைக் கேட்டுட்டு, உனக்கு உதவி பண்ணக்கூடியவங்க ஒருத்தர் ரெண்டு பேர்கிட்ட மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்கலாம். யார்கிட்ட சொல்றேன்னு முதல்ல உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பேன். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போன பிள்ளையும் உண்டு. மறுநாள் வந்தது. சொன்ன பிறகு தோண்டித் துருவிக் கேட்காதே. அது சொன்ன வார்த்தையை அது சொன்ன மாதிரியே அன்றைக்கே எழுதி வை. நாலு டீச்சரைக் கூப்பிட்டு நாலு தடவை சொல்ல வைக்காதே. குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் எடுப்பார்கள். அந்த நம்பரைச் சுவரில் பிள்ளைகள் கண் உயரத்தில் எழுது. எங்கள் பள்ளியில் பெரியவர்கள் கண் உயரத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

இன்னொரு பயிற்சி மாணவன்:

எனக்கு நடந்தது சின்ன விஷயம். அழுகிற பிள்ளைகளுக்கு என்று வகுப்பு மூலையில் பாய் விரித்து, தலையணை வைத்து, 'அமைதி மூலை' என்று சார்ட்டில் எழுதி ஒட்டினேன். முதல் நாளே பதினாலு பேர் அழுதார்கள். இரண்டாம் நாள் அங்கே யார் உட்காருவது என்று அடிதடி. மூன்றாம் நாள் பாயைச் சுருட்டிவிட்டேன்.

நிஜமாக அழுத ஒரு சிறுமி கடைசி வரைக்கும் அந்தப் பாய் பக்கம் போகவில்லை. கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். சத்தம் கேட்காமல் இருக்க. தண்ணீரை வீணாக்குகிறாள் என்று ஒரு தடவை நானே திட்டியிருக்கிறேன்.

பயிற்சி டீச்சர், திண்டுக்கல் மாவட்டம்:

குழாய்! எங்கள் பள்ளியிலும் ஒருத்தி நிற்பாள். இப்போதுதான் உறைக்கிறது.

சத்தியம் பற்றி எழுதிய அக்காவுக்கு நன்றி. அந்த வாக்கியத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

ரெக்கார்டு நோட்டு திரும்பி வந்துவிட்டது. 'காரணம்' என்ற இடத்தில் பழையதை அடித்துவிட்டு "மறுநாள் முகூர்த்தம்" என்று எழுதியிருந்தேன். 'எடுத்த முயற்சி' என்பதில், "முகூர்த்தத்துக்கு முதல் நாள் 11 முதல் 11.30 வரை தூங்க விடுதல். கணக்கை மதியத்துக்கு மாற்றுதல்." சிவப்பு மையில் "முன்னேற்றம் விளக்கப்படவில்லை" என்று வந்திருக்கிறது. பத்துக்கு ஆறு. சரி, போகட்டும்.

பயிற்சியின் கடைசி நாளும் முகூர்த்தத்துக்கு முதல் நாளாகப் போய்விட்டது. எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தேன். அவன் கதைப் புத்தகங்கள் கட்டித் தொங்கும் கயிற்றுக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று ஆசைதான், எழுப்பவில்லை. அவன் பங்கைப் பக்கத்தில் இருந்த, அன்றைக்குத் 'தூங்குமூஞ்சி' என்ற அதே பையனிடம் கொடுத்து, "எந்திரிச்சதும் குடுத்துருவியா?" என்று கேட்டேன். "குடுத்துருவேன் டீச்சர்" என்றான், வாயில் ஏற்கெனவே ஒரு சாக்லேட்டை ஒதுக்கிக்கொண்டு. கொடுத்தானா என்று பெரிய டீச்சரிடம் போனில் கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.