அனுமதியை அணைத்துவிட்டால் ஆள் எங்கே என்று தெரியாதா?

கம்பிவடம்:
நேற்று தாழ்ப்பாள் இப்படி எழுதியிருந்தார்: "அலுவலக அரட்டைச் செயலிக்குக் கொடுத்த இருப்பிட அனுமதியை அணைத்துவிடுங்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று நிறுவனத்துக்குத் தெரியவே தெரியாது." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. நெட்வொர்க் வேலையில் பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன எனக்கு. நீங்கள் உள்நுழையும்போதெல்லாம் உங்கள் இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரி சர்வர் பதிவில் ஏறுகிறது. அதற்கு எந்த அனுமதிப் பெட்டியும் திரையில் வராது. நீங்கள் இணைந்திருக்கும் வைஃபையின் பெயரும் இருப்பிடத் தகவல்தான். தெரியாததை எழுதி நாலு பேரை ஏமாற்றாதீர்கள்.

தாழ்ப்பாள்:
ஐபி முகவரி ஊரைச் சொல்லும், வீட்டைச் சொல்லாது. நான் பேசியது இருப்பிடத்தைப் பற்றி. ஜிபிஎஸ் தருகிறதே, அது. வைஃபை பெயரெல்லாம் இருப்பிடம் ஆகாது.

கம்பிவடம்:
ஆகும். ஆண்ட்ராய்டு 9-லிருந்து இருப்பிட அனுமதி இல்லாமல் ஒரு செயலி வைஃபை பெயரைப் படிக்க முடியாது. 2019-ல் ஐபோனிலும் அதே கட்டுப்பாடு வந்தது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலும் அப்படித்தான். வெறும் பெயர் என்றால் எதற்கு இத்தனை பூட்டு? வைஃபை தரும் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு, பெயரோடு அதுவும் செயலிக்குக் கிடைக்கும். எந்த எண் எந்த மாடி என்று நிர்வாகி ஒருமுறை அட்டவணை போட்டுவிட்டால் போதும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் மாடி தெரிந்துவிடும். புரிகிறதா தம்பி?

தாழ்ப்பாள்:
என்னைத் தம்பி என்று அழைக்க நீங்கள் யார்? அது இருக்கட்டும். அனுமதி இல்லாமல் செயலி அந்த எண்ணைப் படிக்க முடியாது என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நேற்று நான் சொன்னதும் அதுதானே? பெயர் பெயர்தான், இருப்பிடம் ஆகாது.

மூன்றாம்மாடி:
உங்கள் சண்டைக்கு நடுவில் என் கதையையும் கேளுங்கள். ஆண்ட்ராய்டு 12 வந்த பிறகு துல்லிய இடமா, தோராய இடமா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். தோராயம் என்றால் சுமார் மூன்று சதுர கிலோமீட்டர் பரப்பு. நான் அதைத்தான் கொடுத்திருந்தேன். ஒரு நாள் காலை வருகைப் பதிவுப் பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது, அழுத்தினால் அசையவில்லை. மனிதவளப் பிரிவில் கேட்டால், "துல்லிய இடம் கொடுங்கள், இல்லையென்றால் இன்று விடுப்பு" என்றார்கள். கொடுத்துவிட்டேன். மறுத்தால் சம்பளம் பிடிப்பார்கள் என்றால் அதற்குப் பெயர் அனுமதியா?

ஈரெழுத்து:
இருப்பிடம் என்றால் குடியிருக்கும் வீடு. நீங்கள் எல்லோரும் சொல்ல வருவது 'இருக்குமிடம்'. முதலில் சொல்லைச் சரியாக எழுதுங்கள்.

கம்பிவடம்:
ஈரெழுத்து ஐயா, தமிழ் வகுப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தாழ்ப்பாளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். செயலி படிக்காவிட்டால் என்ன? அலுவலக வைஃபையை நடத்தும் கன்ட்ரோலர் யாருடையது? உங்கள் மடிக்கணினி எந்தக் கருவியோடு எத்தனை மணிக்கு இணைந்தது என்பது அதில் வரிவரியாக இருக்கிறது. நானே தினமும் பார்க்கிறேன். நீங்கள் அணைத்தது உங்கள் பக்கம் இருக்கும் விளக்கை மட்டும்தான்.

தாழ்ப்பாள்:
பேச்சு செயலியைப் பற்றி. நீங்கள் கன்ட்ரோலருக்குத் தாவிவிட்டீர்கள். வேறொரு சர்வர் வழியாக இணையத்தில் போகும் விபிஎன் முறை பற்றிய போன மாத விவாதத்திலும் இப்படித்தான் தாவினீர்கள். மூன்று நாள் கேட்டும் பதில் வரவில்லை. நான் மறக்கவில்லை.

கம்பிவடம்:
அந்த மூன்று நாளும் எனக்கு இரவுப்பணி. விபிஎன் போட்டால் சர்வருக்குத் தெரிவது விபிஎன்னின் முகவரி என்று அப்போதே சொன்னேன். அதை நிறுவனமே நடத்தினால் உங்கள் வீட்டு ஐபி நேராக நிறுவனத்தின் பதிவில்தான் விழும் என்றும் சொன்னேன். அந்தப் பாதியை நீங்கள் படிக்கவே இல்லை.

மூன்றாம்மாடி:
மைக்ரோசாஃப்டின் அலுவலக அரட்டைச் செயலியான டீம்ஸைப் பற்றி யாருமே பேசவில்லையே? அலுவலக வைஃபையில் இணைந்ததும் எந்தக் கட்டடத்தில் இருக்கிறோம் என்று அதுவே காட்டும் வசதியை 2025-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. தொடக்கத்தில் அணைந்திருக்கும், நிர்வாகி திறக்க வேண்டும், ஊழியரும் சம்மதிக்க வேண்டும் என்கிறார்கள். எல்லோரும் சம்மதித்த குழுவில் ஒருவர் மட்டும் மறுத்தால் மேலாளர் அவரை எப்படிப் பார்ப்பார்?

கம்பிவடம்:
பார்த்தீர்களா தாழ்ப்பாள்! கட்டடத்தைக் காட்டுவது எது? வைஃபை. ஜிபிஎஸ் இல்லை.

தாழ்ப்பாள்:
சம்மதித்தால்தானே காட்டும்! சம்மதிக்காதே, அணைத்து வை என்றுதான் முதல் வரியிலிருந்து சொல்கிறேன்.

ஈரெழுத்து:
இன்னும் 'இருப்பிடம்' என்றே எழுதுகிறார்கள்.

மூன்றாம்மாடி:
நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கம்பிவடம்:
சொல்கிறேன், பொறுங்கள். முதலில் தாழ்ப்பாள் ஒரே ஒரு வரி எழுதட்டும்: வைஃபை பெயர் இருப்பிடம் ஆகும் என்று.

தாழ்ப்பாள்:
ஆகாது.