புதுப்பிப்பு: சாவிப் பை ஓரம் பிசிறடித்த பிரச்சினை தீர்ந்தது

போன மாசம் கேட்டிருந்தேன்: ஆம்பூரில் எடைக்கு வாங்கிய துண்டுத் தோலில் சாவிப் பை, சில்லறைப் பை தைக்கிறேன், எவ்வளவு தேய்த்தாலும் ஓரம் பிசிறாகவே நிற்கிறது என்று. பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

"வெட்டின ஓரத்துல நடுப்பகுதியைப் பாருங்க. நீலம் தட்டுச்சுன்னா குரோம் தோல், தேய்ச்சுப் பிரயோஜனம் இல்ல" என்று ஒரு அண்ணன் எழுதியதுதான் விடை. குரோம் தோல் என்றால் குரோமிய உப்பில் பதனிட்டது. புது பிளேடால் சீவிப் பார்த்தேன். மேலும் கீழும் காப்பி நிறம், நடுவில் நீலச் சாம்பலாக ஒரு கோடு. காலணியின் மேல்பாகத்துக்குப் போகிற மெத்தென்ற தோல் அது.

பேரணாம்பட்டில் விசாரித்து, மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் வாங்கினேன், 1.5 மி.மீ. கனம். ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, விரல் நுனியால் தண்ணீர் தொட்டு, வழவழப்பான மரக்கட்டையால் வேகமாக உரசினேன். கொஞ்ச நேரத்திலேயே இரண்டு அடுக்கும் ஒன்றாகி, புளியங்கொட்டை மாதிரி மின்னியது. அவ்வளவு சந்தோஷம்!

தையலுக்கு, ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்துத் தைக்கும் இரட்டை ஊசி யோசனையும் பலித்தது. மெழுகிட்ட நூல், தைக்கும் நீளத்துக்கு நாலு மடங்கு வேண்டும். மூன்று மடங்கு எடுத்து முதல் பையில் பாதியில் நின்றேன்.

எதிர்பாராதது ஒன்று. ஈரத் தோலை இரும்பு வளையத்தோடு இரவு முழுக்க விட்டதில், வளையம் பட்ட இடம் மை கொட்டினாற்போல் கறுத்துவிட்டது. பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான். இப்போது பித்தளை வளையம்தான், அதுவும் தோல் நன்றாகக் காய்ந்த பிறகே.