யோசித்து முடிவெடுப்பவர்கள் எல்லாம் போட்டி மனம் உள்ளவர்களா?

நிலாமகள்:
எனக்கு மனசில் பட்டதும் முடிவைச் சொல்லிவிடுவேன். கூட வேலை பார்க்கும் நண்பர் எதற்கும் ரெண்டு நாள் கேட்பார், ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆறு வருஷமாக அது எங்களுக்கு ஒத்துப்போனது. என் அவசரத்துக்கு அவர் அணை போடுவார், அவர் தயங்கி நிற்கும்போது நான் கையைப் பிடித்து இழுப்பேன். இப்போ மூணு மாசமாக அவர் போட்டு வைக்கும் கணக்கை என்னிடம் காட்டுவதில்லை. நானும் என் யோசனையைப் பொத்தி வைத்துக் கூட்டத்தில்தான் சொல்கிறேன். கணக்குப் பார்ப்பவர்கள் சுபாவத்திலேயே போட்டிக்காரர்களா? நல்ல நட்பு கைவிட்டுப் போகிறது, அதனால்தான் கேட்கிறேன்.

தறியோசை:
அப்படி ஒரு கருத்து உண்டு. 2012-இல் டேவிட் ராண்டும் சக ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் எழுதினார்கள்: பொதுநிதிக்குப் பணம் போடும் விளையாட்டில் சட்டென்று முடிவெடுத்தவர்கள் தாராளமாகப் போட்டார்கள், யோசித்தவர்கள் கையை இறுக்கினார்கள். ஆனால் 2017-இல் 21 ஆய்வகங்கள் அதையே மறுபடி செய்து, கலந்துகொண்ட எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. அதை வைத்து நண்பரை எடை போடாதீங்க. மூணு மாசத்துக்கு முன்னால் என்ன நடந்தது?

நிலாமகள்:
இனிமேல் குழுவில் முதலாவதாக வரும் ஒருவருக்கு மட்டும்தான் ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். இதை அதோடு சேர்த்துப் பார்க்கத் தோணவே இல்லை.

கரைமணல்:
அக்கா, விஷயமே அதுதான். 2004-இல் லிபர்மன், சாமுவேல்ஸ், ராஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்கு ஒரே விளையாட்டு, ஒரே விதி. பெயர் மட்டும் வேறு. 'வால் ஸ்ட்ரீட் விளையாட்டு' என்று சொன்னபோது முதல் சுற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் ஒத்துழைத்தார். 'சமூக விளையாட்டு' என்றதும் அது மூன்றில் இருவரானது. யார் விட்டுக்கொடுப்பார், யார் மாட்டார் என்று அவர்களோடு விடுதியில் பழகியவர்கள் முன்கூட்டியே சொன்ன கணிப்பும் எடுபடவில்லை. வெறும் பெயருக்கே இவ்வளவு என்றால், ஒருத்தருக்குக் கிடைத்தால் இன்னொருத்தருக்குக் கிடையாது என்கிற விதி என்ன செய்யாது? அவர் இப்பவும் அதே நிதானக்காரர்தான், நீங்களும் அதே அவசரக்காரிதான். முதலில் நீங்க காட்டுங்க, கூட்டத்துக்கு முன்னாடியே.

நிலாமகள்:
என் வரைவை நேற்று ராத்திரி அவருக்கு அனுப்பினேன். "ரெண்டு நாள் குடுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று பதில் வந்திருக்கிறது. கூடவே அவருடைய கணக்கும்.