காந்தப்புலம் போனதால்தான் செவ்வாயின் காற்று போச்சா?

செம்மண்: எந்த வீடியோவைத் திறந்தாலும் ஒரே பாட்டு. செவ்வாயின் உட்கரு அடங்கியதாம், காந்தப்புலம் போனதாம், சூரியக் காற்று (சூரியனிலிருந்து பாயும் மின்னேற்றத் துகள்கள்) வளிமண்டலத்தை வாரிக்கொண்டு போனதாம். வெள்ளிக்கும்தான் சொந்தக் காந்தப்புலம் கிடையாது, அதுவும் சூரியனுக்கு இன்னும் பக்கத்தில். அங்கே தரையில் நம்மைப்போல 92 மடங்கு அழுத்தம். செவ்வாயில் 1 சதவீதம்கூட இல்லை. எப்படி?

வானோக்கி: வெள்ளியைக் காட்டித் தப்பிக்காதீர்கள். நாசாவின் மேவன் விண்கலம் (நம் மங்கள்யானுக்கு இரண்டு நாள் முன்னால், 2014 செப்டம்பரில் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்தது) அளந்து சொன்னது: நொடிக்குச் சுமார் 100 கிராம் வாயு இன்றும் வெளியேறுகிறது. சூரியப் புயல் வந்தால் இன்னும் கூடும். இளம் சூரியன் இதைவிட முரடு.

செம்மண்: காற்று போனதை யார் மறுத்தது? போன வழியைப் பாருங்கள். மேலடுக்கில் ஆக்சிஜன் மூலக்கூறு அயனி (மின்னேற்றம் பெற்ற மூலக்கூறு) ஓர் எலக்ட்ரானைப் பிடித்ததும் இரண்டு அணுவாக உடைகிறது. ஒவ்வொன்றும் நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில்கூடத் தெறிக்கும். செவ்வாயை விட்டுத் தப்ப 5 போதும். வெள்ளியில் 10க்கு மேல் வேண்டும். தெறிக்கிற அணுவுக்கு மின்னேற்றமே இல்லை. காந்தப்புலம் அதை என்ன செய்துவிடும்?

வானோக்கி: ஆக்சிஜனுக்குச் சரி. ஆர்கான்? அது பாறையோடு சேராது, மழையில் கரைந்து போகாது. அதிலேயே மூன்றில் இரண்டு பங்கு விண்வெளிக்குப் போய்விட்டது என்று மேவன் குழு 2017இல் கணக்குச் சொன்னது. சூரியக் காற்று இழுத்துக்கொண்ட அயனிகள் திரும்பி வந்து மோதித்தான் அதைத் தட்டிவிடுகின்றன. காந்தப்புலக் கவசம் இருந்திருந்தால் அந்த அடி விழுந்திருக்காது.

மொட்டைமாடி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கவசம் உள்ள பூமியே துருவங்கள் வழியாக ஆக்சிஜன் அயனிகளை ஒழுகவிடுகிறது. காந்தப்புலம் சூரியக் காற்றைத் தடுக்கிறது, ஆனால் அதன் ஆற்றலைத் துருவப் பக்கம் வாங்கியும் விடுகிறது. கூட்டிக் கழித்தால் லாபமா நஷ்டமா என்று ஆய்வாளர்களே இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

செம்மண்: அதேதான். ஆர்கானை உங்களுக்கே தருகிறேன், வானோக்கி. ஆனால் செவ்வாய் சின்னது என்பதுதான் மூல வியாதி. சின்னதாக இருந்ததால்தான் சீக்கிரம் குளிர்ந்தது, காந்தப்புலத்தை உண்டாக்கும் உட்கருவின் டைனமோ நின்றது, எரிமலைகளும் ஓய்ந்தன. போனதை ஈடுகட்டப் புதுக் காற்று வரவில்லை.

வானோக்கி: அப்படியானால் செவ்வாயைவிடப் பெரிய கோளான வெள்ளியின் தண்ணீர் எங்கே? அங்கே டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) விகிதம் நம்மைவிட நூறு மடங்குக்கு மேல். லேசான ஹைட்ரஜன் அவ்வளவும் ஓடிவிட்டது என்றுதானே அர்த்தம்?

செம்மண்: ஓடியது ஹைட்ரஜன். கார்பன் டை ஆக்சைடு ஓடவில்லையே, இன்றும் 96 சதவீதம் அதுதான்.