ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, வயிறு மட்டும் இறுகியே கிடக்கிறது: உங்களுக்கும் உண்டா?

வைகைக்கரை

கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். நெஞ்செலும்பு முடிகிற இடத்திலிருந்து தொப்புள் வரை எப்போதும் ஓர் இறுக்கம். வலி என்று சொல்ல முடியாது. யாராவது அடிக்கக் கை ஓங்கினால் வயிற்றை எக்கிக்கொள்வோமே, அந்த எக்கலிலேயே தசை நின்றுவிட்டது. தணிக்கை நெருங்கினால் கூடும். ஞாயிறு மதியம்வரை தெரியாது, மாலையில் தொடங்கிவிடும்.

ஊரில் எல்லோருக்கும் இருக்கிற 'அல்சர்' எனக்கும் என்றே நம்பியிருந்தேன். காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல், மதியம் ஜெலுசில், படுக்கும்முன் ஓமவாட்டர். பச்சை மிளகாயை விட்டேன், புளியைக் குறைத்தேன். எண்டோஸ்கோபி, ஸ்கேன், ரத்தம், மலம் எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் ஒன்றுமில்லை.

கடைசியாகப் பார்த்த மருத்துவர் ஃபைலை மூடி வைத்துவிட்டுப் படுக்கச் சொன்னார். ஒரு கையை நெஞ்சிலும் மற்றதை வயிற்றிலும் வைக்கச் சொல்லி, "சும்மா மூச்சு விடுங்கள், எந்தக் கை அசைகிறது என்று பாருங்கள்" என்றார். நெஞ்சின்மேல் இருந்த கை ஏறி இறங்கியது. வயிற்றின்மேல் இருந்தது அசையவே இல்லை. "முழு நேரமும் வயிற்றைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்" என்றார். அப்புறம், இது தொடங்கிய சமயத்தில் வேலையில் என்ன நடந்தது என்று கேட்டார்.

நடந்தது இதுதான். எங்கள் கிளையில் போலி நகைக்கு ஒரு கடன் போய்விட்டது. மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்துச் சரி என்ற வளையல்கள், கீழே என் கையெழுத்தும் இருந்தது. விசாரணையில் என்மீது தவறில்லை என்று முடித்துவிட்டார்கள். நானும் முடிந்தது என்றுதான் இருந்தேன். இன்றும் கவுன்டரில் யாராவது மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்தால் வயிறு முந்திக்கொள்கிறது. அந்த நேரத்தில் மனதில் பயம் என்று எதுவும் இருப்பதில்லை, அதுதான் எனக்குப் புரியாத சங்கதி.

மருந்து சிபாரிசு வேண்டாம். உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

தாமிரபரணி

அண்ணே, உங்களுக்கு மஞ்சள் துணி, எனக்கு போன் மணி. என் அண்ணன் பெயர் திரையில் வந்தால் போதும், எடுப்பதற்குள் அடிவயிறு கவ்விக்கொள்ளும்.

அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அண்ணன் பத்திர எழுத்தரோடு வந்துவிட்டார். வீட்டையும் வயலையும் எதற்குத் துண்டு போடுவது, நீயும் அக்காவும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்குத்தான் நகை போட்டுச் செய்தாயிற்றே என்றார். பெண்ணுக்குப் பங்கு உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்துக்கே 1989-இல் திருத்தம் வந்துவிட்டது, நான் அதற்கு வெகு நாள் கழித்துக் கல்யாணமானவள். ஆனாலும் அம்மா கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி எதுவும் பேச வரவில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ எடுத்தார்கள், விரல் ரேகை வைத்தார்கள். "சம்மதத்தோடுதானே கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்றேன். அந்த "ஆமாம்" இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. வெளியே வந்ததும் அண்ணன் எல்லோருக்கும் ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். முதல் கவளம் இறங்கிற்று, இரண்டாவது இறங்கவில்லை.

அன்றிலிருந்து சாப்பிட்ட அரை மணிக்குள் வயிறு உப்பிக்கொள்ளும். காலையில் கட்டிய பாவாடை நாடாவை மாலையில் அவிழ்த்துத் தளர்த்தினால்தான் நிற்க முடியும். இடுப்பைச் சுற்றி நாடாத் தடம் சிவந்து கிடக்கும். ஒரு கல்யாணத்தில் தூரத்து உறவு அத்தை ஒருத்தி காதோடு காதாக "விசேஷமா?" என்று கேட்டாள். என் மகள் கல்லூரியில் படிக்கிறாள்!

ஸ்கேனில் குறையில்லை என்றார்கள். குடல் ஏறியிருக்கும் என்று மாமியார் ஒரு பாட்டியிடம் கூட்டிப்போனார். அவள் விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவிக்கொண்டே, "யார்மேல் தாயி கோபம்?" என்றாள். அத்தனை லேப் வாசலிலும் காத்துக் கிடந்தேன், இதை யாரும் கேட்கவில்லை. குடல் ஏறும், இறங்கும் என்பதெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை. அவள் கேட்டது மட்டும் நின்றுவிட்டது.

பிறகு மனநல ஆலோசகர் ஒருவரிடம் போனேன். அண்ணனுக்குக் கடிதம் எழுதுங்கள், அனுப்ப வேண்டாம் என்றார். எனக்கு அது ஒட்டவில்லை. அக்காவுக்கு போன் செய்து முதல்முறையாக இதைப் பற்றிப் பேசினேன். அவளுக்கும் அதே நாளிலிருந்து நெஞ்சுக்கரிப்பாம், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லையாம். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து அண்ணனை மனதாரத் திட்டுகிறோம். உப்புசம் குறைந்திருக்கிறது, போகவில்லை. பத்திரமும் பத்திரமாகத்தான் இருக்கிறது.

வெள்ளைச் சீருடை

நான் எண்டோஸ்கோபி பிரிவில் நெடுங்காலம் செவிலியாக இருந்தவள். உங்கள் இருவர் பதிவையும் படித்ததும் எத்தனையோ முகங்கள் நினைவுக்கு வந்தன. "எல்லாம் நார்மல்" என்று சொன்னால் முகம் மலர்வார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? பாதிப்பேர் முகம் வாடிப்போகும். ஒரு புண் இருந்திருந்தால் வீட்டில் காட்டலாம். ஒன்றுமில்லாத தாளை எடுத்துக்கொண்டு போனால் "சும்மா நடிக்கிறாய்" என்பார்கள். இதற்குப் பயந்தே, "சின்னதாகச் சிவந்திருக்கிறது என்றாவது எழுதித் தாருங்கள் சிஸ்டர்" என்று ஓர் அம்மா கெஞ்சியிருக்கிறார்.

குடல் சுவரில் மட்டும் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளைக்கும் வயிற்றுக்கும் இடையே ஓடும் வேகஸ் நரம்பில் பெரும்பகுதி இழைகள் வயிற்றுச் சேதியை மேலே கொண்டுபோகிறவை. கீழே உத்தரவு கொண்டுவருபவை கொஞ்சம்தான். பதற்றத்தில் இரைப்பை மந்தமாகிறது, பெருங்குடல் வேகமெடுக்கிறது. பரீட்சை நாளில் இட்லி இறங்காததும், அதே நேரத்தில் கழிப்பறைக்கு ஓடுவதும் இதனால்தான்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1822-இல் அமெரிக்காவின் மாக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளிக்குத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, இரைப்பையில் விழுந்த துளை மூடாமலே ஆறிப்போனது. அவரைப் பார்த்துக்கொண்ட ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட் அந்தத் துளை வழியாகச் செரிமானத்தை ஆண்டுக்கணக்காகக் கவனித்தார். அந்த மனிதருக்குக் கோபம் வந்தால் செரிமானம் கெடுவதையும் கண்டு, 1833-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அடுப்பைக் குச்சியால் கிளறுவது போலத் தன்னை ஓயாமல் குடைந்தால் யாருக்குத்தான் கோபம் வராது என்பது வேறு விஷயம்.

தாமிரபரணி, உங்கள் உப்புசத்துக்கு ஒரு விளக்கம் உண்டு. பலருக்கு அந்த நேரத்தில் ஸ்கேன் எடுத்தால் வாயு பெரிதாகக் கூடியிருக்காது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் கீழே இறங்கி அழுத்தும், முன்பக்க வயிற்றுத் தசை பிடிமானத்தை விட்டுவிடும், வயிறு முன்னால் தள்ளும். நாடா தளர்த்துவது கற்பனையல்ல. மெதுவாக வயிற்று மூச்சு பழகினால் சிலருக்கு இது நன்றாகவே அடங்குகிறது.

இன்னொன்று. இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு மருத்துவர் அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை மிகக் குறைந்த அளவில் எழுதுவார். மருந்துக்கடையில் யாராவது "இது மனநோய் மாத்திரை ஆச்சே" என்று சொல்லிவிட, அப்படியே குப்பைக்குப் போகும். அந்த அளவில் அது கொடுக்கப்படுவது குடல் வலியின் கூர்மையைக் குறைக்க. பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களிடம் வந்த குடல் எரிச்சல் (ஐ.பி.எஸ்., பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலே வயிறு வலித்துக் கழிப்பும் மாறுவது) நோயாளிகள் 463 பேரை வைத்து நடந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது, பலன் தெரிந்தது. வாங்கிச் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை, எழுதிக் கொடுத்தால் எதற்கென்று அவரிடமே கேளுங்கள்.

உறையூர்

எல்லோரும் இதைப் படித்துவிட்டு வயிற்று வலி என்றால் மனசுதான் என்று கிளம்பிவிடாதீர்கள். என் அம்மாவுக்கு நடந்தது நேர்மாறு. அப்பா இறந்த வருஷம். வலி என்று போன இடத்திலெல்லாம் "துக்கம்மா, டென்ஷன், கோயில் குளம் போய்வாருங்கள்" என்றே அனுப்பினார்கள். ஒரு நாள் நள்ளிரவு வலது விலாவுக்குக் கீழே பிடித்து, வாந்தி நிற்காமல் ஆம்புலன்சில் போனோம். பித்தப்பை நிறையக் கல். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வலி திரும்பவில்லை. விதவை என்றால் அவள் வலிக்கு வேறு காரணமே இருக்கக் கூடாதா?

வெள்ளைச் சீருடை

உறையூர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அல்சரையே உலகம் எத்தனை காலம் மனக்கவலை நோய் என்று சொல்லிக்கொண்டிருந்தது! அதற்கு ஹெலிகோபாக்டர் என்ற கிருமி முக்கியக் காரணம் என்று காட்டிய மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-இல் நோபல் கொடுத்தார்கள். உடம்பு காரணமில்லாமல் மெலிந்தாலும், மலத்தில் ரத்தம் போனாலும், தூக்கத்திலிருந்து வலி எழுப்பினாலும், ரத்தசோகை இருந்தாலும், ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாகத் தொடங்கினாலும் முதலில் பரிசோதனைதான். மனசைப் பற்றி அப்புறம் பேசலாம். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கவும் கூடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பேச ஆளில்லை என்பவர்களுக்கு: மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

தென்மராட்சி

நான் டொரான்டோவில் இருக்கிறேன். 1995 அக்டோபர் 30 இரவு, இலங்கைப் போரில், யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கி, ஓர் அடி வைக்க எவ்வளவோ நேரம் பிடித்தது. அம்மப்பா வீட்டை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். அம்மா என் கையையும் தம்பியின் கையையும் பிடித்துக்கொண்டு, அழக் கூடாது, நடவுங்கள் என்றார். நான் அழவில்லை.

இங்கே ஆண்டுதோறும் தொழிலாளர் தின வார இறுதியில் ஏரிக்கரையில் விமானக் கண்காட்சி நடக்கும். போர் விமானங்கள் தாழப் பறக்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு அந்த முழக்கம் காதுக்கு வரும்முன் வயிற்றைப் பிசையும், கழிப்பறைக்குள் போய் இருந்துவிடுவேன். விமானக் காட்சி, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற சாமான் என்று மூளைக்கு நன்றாகவே தெரியும்.

அம்மா வந்த நாளிலிருந்து 'காஸ்ரிக்' என்று குளிசை போடுகிறார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் ஒரே குளிசையைப் போட்டோம், அந்த இரவைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அம்மப்பா பிறகு என்ன ஆனார் என்பதையும் பேசவில்லை.

போன வருடம் உளவளத் துணையாளர் ஒருவரிடம் போகத் தொடங்கினேன். தமிழ்ப் பிள்ளைதான். என்ன நடந்தது என்று அவர் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. எங்கே இருக்கிறது என்று கேட்டார், கையை வைத்துக் காட்டினேன். அதிலிருந்துதான் தொடங்கினோம். இந்த முறை அந்த வார இறுதியில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வடக்கே ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டேன். ஓடி ஒளிவது என்று யாரும் சொன்னால் சொல்லட்டும். அம்மா அங்கே வைத்து, கேட்காமலே, அம்மப்பாவின் கிணற்றடி மாதுளையைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார்.

வைகைக்கரை

தென்மராட்சி, ஓடி ஒளிவது என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்கள்.

கெடிலம்

தாமதமாக வருகிறேன். பண்ருட்டிப் பக்கம் பள்ளி ஆசிரியை. எங்கள் ஊரில் வயிற்று வலி என்றால் முதலில் திருவதிகைதான். அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்த தலம், திருநீறு வாங்கிப் பூசினால் நிற்கும் என்று நம்பிக்கை. என் வகுப்பில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தினமும் காலை பிரேயர் முடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள். முதல் பீரியட் கணக்கு. கணக்குப் பயம் என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டோம். வீட்டில் திருவதிகைக்குக் கூட்டிப்போனார்கள், ஒரு வாரம் வலியே இல்லை. அது காலாண்டு விடுமுறை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

பள்ளி திறந்ததும் மறுபடி வலி. ஒரு நாள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பார்த்தேன், மாலை வரை ஒரு மிடறும் குறையவில்லை. தனியே உட்காரவைத்து விசாரித்தபோது மெல்லச் சொன்னாள்: பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருமுறை பையன்கள் கதவைத் தள்ளிச் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து காலை முதல் மாலை வரை எதையும் அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். மலச்சிக்கல் முற்றி, அந்த வலி வேறு. மருத்துவர் மலம் இளக மருந்து கொடுத்தார். அந்தப் பையன்களை அழைத்துப் பேசினோம். தாழ்ப்பாளுக்குத் தலைமையாசிரியரிடம் மனுப் போட்டுக் காத்திருக்காமல் ஹார்டுவேர் கடையில் நானே ஒன்று வாங்கி, வாட்ச்மேன் அண்ணனை வைத்து அடித்துவிட்டேன். அவளையே உள்ளே போய்ப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பல தடவை போட்டுத் திறந்து பார்த்தாள்.

இரண்டு மூன்று வாரத்தில் குனிவது நின்றது. கணக்கு இப்போதும் அவளுக்குப் பிடிக்காது.